சிக்-ஃபில்-ஏ: 2012 ஆகஸ்ட் 1 அன்று வரிசையில் நின்றவர்கள் எதற்காக நின்றார்கள்?

பீச்ட்ரீ

பையனின் பள்ளியில் அடுத்த மாதம் 'ஸ்பிரிட் நைட்'. ஒரு குறிப்பிட்ட மாலையில் பெற்றோர் எல்லாரும் ஒரே கடைக்குப் போய்ச் சாப்பிடுவோம், விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்கு வரும். இந்த முறை கடை, கோழி சாண்ட்விச் விற்கும் சிக்-ஃபில்-ஏ. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா, "2012-ஐ மறந்துவிட்டீர்களா? நாங்கள் அந்தக் கடைப் பக்கமே போவதில்லை" என்று எழுதினார். உடனே இன்னொருவர், "நான் அன்றைக்கு வரிசையில் நின்றவன், இப்போதும் நிற்பேன்" என்றார். அதோடு குழு கப்சிப்.

நான் ஜார்ஜியாவுக்கு வந்தது பிற்பாடுதான். படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

கடையை நிறுவியவர் ட்ரூயட் கேத்தி. 1946-இல் அட்லாண்டாவை ஒட்டிய ஹேப்வில்லில் சின்ன உணவகமாக ஆரம்பித்தார். சிக்-ஃபில்-ஏ என்ற பெயரில் முதல் கடை 1967-இல், அட்லாண்டா கிரீன்பிரையர் மாலில். பாப்டிஸ்ட் குடும்பம், அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் மூடியிருக்கும். 2012-இல் நிறுவனத்தின் தலைவர் மகன் டான் கேத்தி. தன்பாலினத் திருமணம் பற்றிய வாக்குவாதம் நாடெங்கும் சூடாக இருந்த நேரம் அது. ஜூனில் ஒரு வானொலி நிகழ்ச்சியில், திருமணத்துக்கு வேறு விளக்கம் சொல்லக் கிளம்பினால் நாட்டின் மேல் கடவுளின் தீர்ப்பை வரவழைக்கிறோம் என்ற பொருளில் பேசினார். ஜூலையில் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், பாரம்பரியக் குடும்பத்தை உங்கள் நிறுவனம் ஆதரிக்கிறதாமே என்று கேட்டதற்கு, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்றார். கண்டனங்கள் வந்தன, புறக்கணிப்பு அழைப்பும் வந்தது. கடைக்குக் குழந்தைகள் பொம்மை கொடுத்துவந்த ஜிம் ஹென்சன் நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. பதிலுக்கு ஆர்கன்சாவின் முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி, ஆகஸ்ட் 1 புதன்கிழமையை 'சிக்-ஃபில்-ஏ பாராட்டு நாள்' என்று அறிவித்தார். பேஸ்புக்கில் 6 லட்சம் பேருக்கு மேல் வருகிறோம் என்று பதிந்தார்கள். அன்றைய விற்பனை இதுவரை காணாதது என்று நிறுவனம் சொன்னது, தொகையை மட்டும் வெளியிடவில்லை.

அன்றைக்கு நின்றவர்கள் யாராவது இங்கே இருந்தால், ஏன் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். போகாதவர்களும் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி

நான் நின்றேன். மதிய நேரம், டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில். ட்ரைவ் த்ரூ வரிசை கடையைச் சுற்றி, பார்க்கிங்கைச் சுற்றி, ரோட்டுக்கே வந்துவிட்டது. கடைப் பிள்ளைகள் தொப்பியோடு காருக்குக் கார் நடந்துவந்து ஆர்டர் எழுதிக்கொண்டார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பதாகை, கோஷம் எதையும் நான் பார்க்கவில்லை. குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

தன்பாலினத் திருமணத்தில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, அப்போதும் இல்லை. நான் போனதற்குக் காரணம் மேயர்கள். பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோ, உங்கள் கடைக்கு எங்கள் ஊரில் இடமில்லை என்று நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். லைசென்ஸ் வாங்குவது கஷ்டம் என்று பத்திரிகைக்கும் சொன்னார். சிகாகோவில் ஜோ மொரினோ என்ற கவுன்சிலர், லோகன் ஸ்குவேர் பக்கம் வரவிருந்த கடைக்கு அனுமதி கிடைக்காமல் செய்வேன் என்றார். மேயர் ரஹ்ம் இமானுவேல், சிக்-ஃபில்-ஏயின் விழுமியங்கள் சிகாகோவின் விழுமியங்கள் அல்ல என்று ஒத்து ஊதினார்.

வாடிக்கையாளர் புறக்கணிக்கலாம், அது அவர் காசு. ஆனால் கடைக்காரனின் மனதில் என்ன இருக்கிறது என்று பார்த்து அரசாங்கம் அனுமதி கொடுப்பதா? இன்று பாஸ்டனில் இதைச் செய்தால், நாளைக்கு அலபாமாவில் ஒரு மேயர் எதிர்ப்பக்கம் செய்வார்.

மோர்மிளகாய்

கோழி நன்றாக இருந்தது என்று யாருமே சொல்லவில்லையே. பாதிப் பேர் அதற்காகத்தான் போயிருப்பார்கள்.

சாம்பல்நிறம்

அட்லாண்டாவில் பல வருடமாக இருக்கிறேன். நான் தன்பாலீர்ப்பாளன். 2012-இல் அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, ஊரில் வீட்டுக்கும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை மதியம் எங்கள் தளத்தில் எங்கே பார்த்தாலும் சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைப் பைகள். பக்கத்து மேசைக்காரர் எனக்கும் ஒரு சாண்ட்விச் வாங்கி வந்து கீபோர்டு பக்கத்தில் வைத்தார். வெண்ணெய் தடவிய பன், நடுவில் கோழி, அடியில் ரெண்டு பிக்கிள் துண்டு, சுடச்சுட. நல்ல மனிதர்தான். எனக்கு உடம்பு முடியாதபோது வீட்டுக்குச் சூப் கொண்டுவந்து கொடுத்தவர். "இன்றைக்கு எல்லாரும் இதுதான், குடும்பங்களுக்காக" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாலை வரை அது அங்கேயே ஆறிக் கிடந்தது. சாப்பிடவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. காரணம் கேட்டால் என்ன சொல்வது?

அவர் வாயில் மெனினோ பெயர் வரவில்லை. பாஸ்டன் வரவில்லை, லைசென்ஸ் வரவில்லை. "குடும்பங்களுக்காக" என்றார். யாருடைய குடும்பம்? ஜார்ஜியா 2004-இலேயே வாக்கெடுப்பு நடத்தி, தன்பாலினத் திருமணத்தை மாநில அரசியல் சாசனத்திலேயே தடைசெய்த மாநிலம். நூற்றுக்கு 76 பேர் ஆதரித்தார்கள். நீ தன்பாலீர்ப்பாளன் என்று சொல்லி ஒருவனை வேலையை விட்டு அனுப்பினால், தனியார் துறையில் அவனைக் காப்பாற்ற மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. அந்த மாதத்தில் கோடீஸ்வரரின் கருத்துச் சுதந்திரம்தான் ஆபத்தில் இருந்தது என்று ஹூஸ்டன்வாசி சொல்கிறார். சரி, சொல்லட்டும்.

லோகன்_ஸ்குவேர்

என் பெயரிலேயே அந்த இடம் இருப்பதால் நானும் பேசியாக வேண்டும். அந்த வார்டில்தான் அப்போது குடியிருந்தேன். தன்பாலினத் திருமணத்துக்கு முழு ஆதரவு, கேத்தியின் பேட்டி அருவருப்பாக இருந்தது. ஆனால் மொரினோ செய்தது தவறு என்பதில் ஹூஸ்டன்வாசியோடு ஒத்துப்போகிறேன். குடிமக்கள் உரிமைகளுக்கான அமைப்பான ஏசிஎல்யூவின் இல்லினாய்ஸ் கிளையே இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் தன்பாலினத் திருமணத்துக்காக வெளிப்படையாக வேலை செய்தவர், அவரும் இது நகராட்சியின் வேலை இல்லை என்றார். சாம்பல்நிறத்தின் பக்கம் இருந்தவர்களே மேயர்களைத் தட்டிக் கேட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது ஹூஸ்டன்வாசிக்கு ஒரு கேள்வி. மெனினோ, கடையைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று ஜூலை முடிவதற்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார். அப்புறம், மொரினோ பேசுவதற்கு முன்பே ஹக்கபியின் அழைப்பு வெளியாகிவிட்டது. அந்த அழைப்பில் என்ன எழுதியிருந்தார்? கிறிஸ்தவக் கொள்கைப்படி நடக்கும் ஒரு நிறுவனத்துக்கு, தெய்வீக விழுமியங்களுக்காக நிற்கத் தயங்காத அதன் நிர்வாகிகளுக்கு, நம் ஆதரவைக் காட்டுவோம் என்று. நீங்கள் போனது அந்த அழைப்புக்குத்தான். உங்கள் மனதில் கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும் முதல் சட்டத்திருத்தம் இருந்திருக்கலாம், அழைப்பிதழில் அது இல்லை.

ஹூஸ்டன்வாசி

அழைத்தவர் என்ன எழுதினார் என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பு? ஒரு ஊர்வலத்தில் பத்தாயிரம் பேர் போனால் பத்தாயிரம் காரணம் இருக்கும்.

மெனினோ இறங்கி வந்தாரே, ஏன் வந்தார்? நாலா பக்கமும் சத்தம் வந்ததால்தான். அந்தச் சத்தத்தில் நாங்களும் ஒரு பகுதி. மொரினோ ஆகஸ்ட் 1 அன்றும் தன் பேச்சை வாபஸ் வாங்கவில்லை.

நாசரேத்காரன்

ஹூஸ்டன்வாசி சுற்றி வளைக்கிறார். நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் மேயர்களுக்காகப் போகவில்லை. டான் கேத்தி சொன்னதை நானும் நம்புகிறேன், அதனால் போனேன். திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் என்பது என் வேதம் சொல்வது. எங்கள் சபையிலிருந்து நிறையப் பேர் போனோம்.

அந்த வருடம் எங்களுக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கிறேன் என்று அதிபர் ஒபாமா சொன்னது 2012 மே 9. அதிபரான பிறகு அதற்கு முன்னால் அவரே அப்படிச் சொல்லவில்லை! அதற்கு முந்தின நாள்தான் வடக்கு கரோலினா மக்கள் தடைக்கு வாக்களித்திருந்தார்கள். மே மாதம் வரை அதிபரே வெளியில் சொல்லிவந்த நிலைப்பாடு, ஜூலையில் வெறுப்புப் பேச்சாகிவிட்டது. ரெண்டே மாதம். கலிபோர்னியாவில் டாரன்ஸ் கடையின் சுவரில் 'வெறுப்பின் சுவை' என்று பெயிண்டால் எழுதி வைத்தார்கள். நாங்கள் யாரை வெறுத்தோம்?

அந்தக் கடையில் ஒருவருக்காவது நீ தன்பாலீர்ப்பாளன், உனக்குச் சாப்பாடு இல்லை என்று சொன்னார்களா? பேட்டி வெளிவந்த சில நாளிலேயே நிறுவனம் அறிக்கை விட்டது. நம்பிக்கை, இனம், பாலீர்ப்பு எதையும் பார்க்காமல் எல்லாரையும் மரியாதையாக நடத்துவோம், திருமணம் பற்றிய கொள்கை விவாதத்தை அரசியல் களத்துக்கே விட்டுவிடுகிறோம் என்று.

சாம்பல்நிறம்

நாசரேத்காரன், மழுப்பாமல் சொன்னதற்கு நன்றி. உங்களோடு சண்டை போடுவது சுலபம், குறைந்தபட்சம் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிகிறது.

சாப்பாடு மறுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிரச்சினை சாப்பாடு இல்லை, காசு. 1984-இல் ட்ரூயட் கேத்தி ஆரம்பித்த வின்ஷேப் அறக்கட்டளைக்குக் கடையின் லாபத்திலிருந்து பணம் போகிறது. 2010-இல் மட்டும், தன்பாலினத் திருமணத்தை எதிர்த்த அமைப்புகளுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் போனதாக, வருமானவரிப் படிவங்களை வைத்து ஒரு கண்காணிப்பு அமைப்பு கணக்குப் போட்டது. வாங்கியவர்கள் பட்டியலில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் இருந்தது. ஜெபித்தும் ஆலோசனை சொல்லியும் தன்பாலீர்ப்பை மாற்றிவிடலாம் என்ற அமைப்பு அது. கேத்தி வாயால் சொன்னது கருத்து. இது கருத்து இல்லை, நான் வாங்குகிற சாண்ட்விச்சின் ஒரு பங்கு.

ஹூஸ்டன்வாசி

அதே படிவங்களை நானும் பார்த்தேன். எக்ஸோடஸுக்குப் போனது 1,000 டாலர். தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் கிறிஸ்தவ அமைப்பு என்று எல்லாரும் பெரிதாகப் பேசும் ஃபேமிலி ரிசர்ச் கவுன்சிலுக்கும் அதே 1,000. பெரிய தொகை கிறிஸ்தவ விளையாட்டு வீரர் கூட்டமைப்பு மாதிரி இடங்களுக்கும், திருமணம், குடும்பம் என்ற பெயரில் இயங்கிய ஒரு அறக்கட்டளைக்கும் போனது. 20 லட்சத்தையும் ஒரே மூட்டையில் கட்டி 'வெறுப்புக்கு நிதி' என்று எழுதினால் தலைப்புக்கு நன்றாக இருக்கும், கணக்குக்கு ஆகாது.

சாம்பல்நிறம்

ஆயிரம் டாலர்தானே என்கிறீர்கள். எக்ஸோடஸ் 2013-இல் கடையை மூடியது. மூடும்போது அதன் தலைவரே, எங்களால் காயப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அறிக்கை விட்டார். யாரும் வழக்குப் போட்டு வாங்கிய மன்னிப்பு இல்லை அது. நடத்தியவருக்கே நெஞ்சு உறுத்தியது, நீங்கள் இன்னும் ரசீது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மோர்மிளகாய்

விளையாட்டாக உள்ளே வந்தேன், இப்போது சீரியஸாகவே ஒரு விஷயம். இந்தக் கடைகள் நடக்கும் விதம் மற்ற பிரான்சைஸ் மாதிரி இல்லை. மெக்டொனால்ட்ஸ் எடுக்க லட்சக்கணக்கில் டாலர் வேண்டும். இங்கே நடத்துபவர் போடும் ஆரம்பக் கட்டணம் அப்போது 5,000 டாலர், இப்போது 10,000. நிலம், கட்டடம், சாமான் எல்லாம் கம்பெனியுடையது. பதிலுக்கு விற்பனையில் 15 சதவீதம், மிஞ்சும் லாபத்தில் பாதி அட்லாண்டாவுக்குப் போய்விடும். அதனால் "எங்கள் ஊர்க் கடைக்காரர் நல்லவர், அவரை ஏன் தண்டிக்கிறீர்கள்" என்பதும் ஓரளவுக்குத்தான் செல்லும், காசு மேலே போகும் குழாய் பெரியது.

ஆனால் நல்லவர்களும் இருந்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவா கடையை நடத்தியவர், அதே 2012 ஆகஸ்டில் அந்த மாநிலத் தன்பாலீர்ப்பாளர்களின் பிரைடு விழாவுக்கு ஸ்பான்சர் செய்தார். தலைமையகத்தில் ஒன்று, கிளையில் இன்னொன்று. இவரைப் புறக்கணிப்பதா, வரிசையில் நின்று ஆதரிப்பதா? ரெண்டு கட்சிக்கும் தலைவலி.

கடுகு

எல்லாரும் வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பெரியவள் அப்போது பள்ளி கடைசி வருடம், கோடை விடுமுறைக்கு அங்கே வேலை பார்த்தாள். கவுண்டருக்கு உள்பக்கம்.

புதன்கிழமை காலை திறந்ததிலிருந்து நிற்க நேரமில்லை. வாஃபிள் உருளைக்கிழங்கு சாயங்காலமே தீர்ந்தது, அப்புறம் சிக்கனும் இழுபறி. நிலக்கடலை எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள். நிறையப் பேர் அவள் கையைப் பிடித்து "தைரியமாக இரும்மா, நாங்கள் உன் பக்கம்" என்றார்களாம். இவளுக்குத் திருதிரு என்று முழி. இவள் யார் பக்கமும் இல்லை, காலேஜுக்கு லேப்டாப் வாங்கப் போனவள். ஒரு பாட்டி கண்ணீரோடு டிப்ஸ் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 3, முத்தப் போராட்டம். கடை முன்னால் தன்பாலின ஜோடிகள் வந்து முத்தம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாடு முழுக்க அழைப்பு. எங்கள் கிளைக்கு வந்தது சின்னக் கூட்டம். அமைதியாக வந்தார்கள், படம் எடுத்தார்கள், வெயிலுக்கு லெமனேட் கேட்டார்கள். இவள் கொடுத்துவிட்டு, கடை வழக்கப்படி "என் மகிழ்ச்சி" என்று சொல்ல, ஒரு பையன் விழுந்து விழுந்து சிரித்தானாம்.

அதே வாரம் அரிசோனாவில், டூசானில் ஒருவர் ட்ரைவ் த்ரூவில் இலவசத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ஜன்னலில் நின்ற பெண்ணிடம் இந்த மாதிரி கம்பெனியில் எப்படி வேலை பார்க்கிறாய் என்று நீளமாகப் பொரிந்து, அதை வீடியோ எடுத்துப் போட்டார். அந்தப் பெண் கடைசி வரை சிரித்த முகமாகவே பதில் சொன்னாள். வீடியோ எடுத்தவருக்கு வேலை போனது. அந்த வீடியோவைப் பார்த்த அன்று, வேலைக்குப் போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். "அம்மா, புதன்கிழமைதான் கால் வலி, இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று போய்விட்டாள்.

ஹூஸ்டன்வாசி

டூசான் பற்றிச் சொன்னீர்கள், அதைவிடப் பெரியதை யாரும் சொல்லவில்லை. 2012 ஆகஸ்ட் 15, வாஷிங்டன். ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் அலுவலகத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பையில் 15 சிக்-ஃபில்-ஏ சாண்ட்விச். அங்கிருப்பவர்களைக் கொன்று முகத்தில் அதைத் தேய்ப்பது அவன் திட்டம் என்று வழக்கில் வெளிவந்தது. ஆயுதம் இல்லாத காவலாளி கையில் குண்டடி பட்டும் அவனை மடக்கினார். 25 வருடம் சிறை. 'வெறுப்பாளர்கள்' என்று ஒரு கூட்டத்துக்கு முத்திரை குத்தினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது போதாதா?

லோகன்_ஸ்குவேர்

அது கொடூரம், தன்பாலீர்ப்பாளர் அமைப்புகள் அன்றே கண்டித்தன. ஆனால் ஒரு துப்பாக்கிக்காரனை இழுத்துவந்து லெமனேட் வாங்கிய ஜோடிகள் தலையில் கட்டாதீர்கள். நீங்களே முன்னால் எழுதினீர்கள், பத்தாயிரம் பேருக்குப் பத்தாயிரம் காரணம் என்று. அந்தச் சலுகை உங்கள் பக்கத்துக்கு மட்டும்தானா?

நெறியாளர்

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சக உறுப்பினரின் பாலீர்ப்பு பற்றிக் கிண்டல், இன்னொருவரின் மதம் பற்றிக் கிண்டல். ரெண்டும் இங்கே செல்லாது. ஊர் அரசியலை இழுக்க ஆரம்பித்தவரின் பதிவும் போய்விட்டது, அதற்குத் தனி இழை திறந்துகொள்ளலாம்.

பீச்ட்ரீ

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்று கேட்கிறேன். புறக்கணிப்பால் கடைக்கு ஏதாவது ஆனதா? எங்கள் பக்கம் எந்த நேரம் போனாலும் ட்ரைவ் த்ரூவில் ரெட்டை வரிசை.

மோர்மிளகாய்

ஒன்றும் ஆகவில்லை. 2012-இல் சுமார் 1,600 கடை. நியூயார்க் மன்ஹாட்டனில், ஹெரால்டு ஸ்குவேர் பக்கம் முதல் முழுக் கடை 2015 அக்டோபரில் திறந்தபோது தெருவைச் சுற்றிக் கூட்டம். 2018-இல் விற்பனை 1,000 கோடி டாலரைத் தாண்டி, அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ், ஸ்டார்பக்ஸ் இரண்டுக்கும் அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. வாரத்துக்கு ஆறு நாள் மட்டும் திறந்து வைத்து! புறக்கணித்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கடையே இல்லாத ஊர்க்காரர்கள் என்பது என் அபிப்பிராயம்.

சாம்பல்நிறம்

விற்பனையை மட்டும் பார்த்தால் தோல்விதான். வேறு இடத்தையும் பாருங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கான கேம்பஸ் பிரைடு என்ற அமைப்பு கடைக்கு எதிராகப் பிரசாரம் நடத்தியது. அதன் தலைவர் ஷேன் வின்ட்மயர் தன்பாலீர்ப்பாளர். அவருக்கு டான் கேத்தியே போன் செய்தார். பல மாதம் பேசினார்கள். 2012 டிசம்பர் 31 அன்று, நிறுவனத்தின் பெயரில் நடந்த கால்பந்துப் போட்டிக்கு வின்ட்மயரைத் தன் விருந்தினராகவே கூட்டிப்போனார். கொள்கையில் ஒருவர்கூட மாறவில்லை, ஆனால் மோசமான சில அமைப்புகளுக்குப் பணம் நின்றுவிட்டதை அறக்கட்டளையின் கணக்கிலேயே பார்த்ததாக வின்ட்மயர் எழுதினார். 2014-இல் கேத்தி, நிறுவனத்தை இந்தச் சண்டைக்குள் இழுத்துவிட்டது தவறு என்று அட்லாண்டா பத்திரிகையிடம் சொன்னார். 2019 நவம்பரில், இனி கல்வி, வீடற்றோர், பசி இந்த மூன்றுக்கு மட்டும் நன்கொடை என்று அறிவித்தார்கள். ரட்சண்ய சேனைக்கும் கிறிஸ்தவ விளையாட்டு வீரர் கூட்டமைப்புக்கும் கொடுப்பது நின்றது.

போராடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

நாசரேத்காரன்

அந்த 2019 அறிவிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரட்சண்ய சேனை! கிறிஸ்துமஸுக்கு மணி அடித்து ஏழைகளுக்குக் காசு சேர்ப்பவர்கள். அவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தினால் யாருக்குச் செய்தி சொல்கிறார்கள்? வெயிலில் நின்ற எங்களுக்குத்தான். ஹக்கபியே, விசுவாசமான வாடிக்கையாளர்களுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்றார். நாங்கள் அன்றைக்குக் கேட்டது கோழி இல்லை. அவர்கள் சொன்னதில் நிற்க வேண்டும் என்று மட்டும்தான் எதிர்பார்த்தோம்.

அதற்கப்புறம் நான் அங்கே போவதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் போகிறார்கள், தடுப்பதில்லை.

மோர்மிளகாய்

2023-இல் இன்னும் வேடிக்கை. பன்மைத்துவம், சமத்துவத்துக்கென்று நிறுவனத்தில் ஒரு துணைத்தலைவர் இருப்பதைக் கண்டுபிடித்து, வலதுசாரிகளில் சிலரே புறக்கணிப்பு அழைப்பு விட்டார்கள். இரண்டு பக்கமும் புறக்கணிக்கிற கடையில் பார்க்கிங் மட்டும் கிடைப்பதில்லை.

ஹூஸ்டன்வாசி

போராட்டத்தால் மாறியது என்று சாம்பல்நிறம் சொல்வதில் ஒரு சங்கதி விட்டுப்போகிறது. அதே 2019 மார்ச்சில் எங்கள் டெக்சாஸில், சான் அன்டோனியோ நகர மன்றம் விமான நிலையக் கடைப் பட்டியலிலிருந்து சிக்-ஃபில்-ஏயை நீக்கியது. காரணம் நன்கொடைகள். ஏழு வருடம் கழித்தும் அதே மொரினோ வேலை. வின்ட்மயர் போனில் பேசி மாற்றியதை நான் மதிக்கிறேன். நகர மன்றம் கையைத் தூக்கி வாக்களிப்பதை மதிக்க மாட்டேன்.

லோகன்_ஸ்குவேர்

அதற்கு டெக்சாஸ் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஜூன் மாதத்துக்குள் ஒரு சட்டமே வந்துவிட்டது, எல்லாரும் 'சிக்-ஃபில்-ஏயைக் காப்பாற்றும் சட்டம்' என்று கூப்பிட்டார்கள். மத அமைப்புக்கு உறுப்பினராக இருப்பது, நன்கொடை கொடுப்பது இவற்றுக்காக அரசாங்கம் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே டெக்சாஸில் அந்த வருடம், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் கிடையாது. ஆயிரம் கோடி டாலர் கம்பெனிக்கு மூன்று மாதத்தில் பாதுகாப்பு கிடைத்தது.

சாம்பல்நிறம்

வேலைப் பாதுகாப்பு எங்களுக்கு 2020 ஜூன் 15-ஆம் தேதிதான் வந்தது, அதுவும் உச்ச நீதிமன்றத்திலிருந்து. வழக்கு எங்கள் ஊரிலிருந்தே போனது, அட்லாண்டாவுக்குத் தெற்கே கிளேட்டன் கவுண்டி. குழந்தைகள் நலப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், தன்பாலீர்ப்பாளர் சாஃப்ட்பால் குழுவில் சேர்ந்த பிறகு வேலை இழந்தார். ட்ரூயட் கேத்தி முதல் கடை வைத்த ஹேப்வில்லிலிருந்து காரில் எட்டிப் போகிற தூரம்.

பீச்ட்ரீ, நீங்கள் ஸ்பிரிட் நைட்டுக்குப் போனால் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். 2016-இல் ஆர்லாண்டோ பல்ஸ் விடுதியில் 49 பேரைச் சுட்டுக் கொன்ற ஞாயிறன்று, ரத்தம் கொடுக்க நின்றவர்களுக்காக அந்த ஊர்க் கிளைக்காரர்கள் சிலர் அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் போகமாட்டேன்.

நாசரேத்காரன்

ஞாயிற்றுக்கிழமை சமைத்தார்களே, அதைத்தான் நான் கிறிஸ்தவம் என்பேன். 2019-இல் செய்ததை அல்ல.

சாம்பல்நிறம்

அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்குச் சண்டை 2012 புதன்கிழமையோடு. அன்றைக்கு உங்கள் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் என்னை மாதிரி ஒருவன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான் என்று நீங்கள் யோசித்ததுண்டா?

நாசரேத்காரன்

அன்றைக்கு இல்லை. கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்: தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். உங்களுக்குச் சாண்ட்விச் வாங்கி வந்திருக்க மாட்டேன்.